சூடு போகும் வழி

எழுபத்தொன்பது, எண்பத்துநாலு, ஏறுகிறது சனியன், அமீர்ஜான் பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக்கூட இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் எண்பத்தெட்டு. இரண்டாவது தடவை இது. முதல் தடவை நூறைத் தொட்டுவிட்டு அங்கேயே குந்திக்கொண்டது, எதிரே நாற்காலியில் ஏகாம்பரம் "நூறுங்களா மேடம்? ஃபுல் மார்க்கு" என்று சொல்லிவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான், சிரிக்கும்போது வாய்க்குள் சிப்ஸ் கூழாக ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது, சீ. வாயால் சார் சார் என்கிறேன், மனசுக்குள் அவன் இவன்தான், வியாபாரத்தில் நான் கற்றுக்கொண்ட மரியாதை அவ்வளவுதான். மூன்று கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான், பந்தியில் மீந்த சாம்பாரைக்கூட வாளிக் கணக்கில் விற்கிறவன், நாற்பத்தைந்து வயசில் துப்பாக்கி விளையாட்டுப் பைத்தியம் பிடித்து, இருக்கிறதிலேயே பெரிய கேமிங் கம்ப்யூட்டராகப் போட்டுக் கொடுங்கள் என்று வந்து உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. எவ்வளவு முறுக்கினாலும் எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டாது சார், வேலூர் கத்திரி வெயிலிலும் தாண்டாது. வாங்கும்போது நான் நாலணாவுக்கும் நாக்கு வறள அடித்துப் பேசுவேன், விற்கும்போது ஒரு சொல்தான், ஆற்காடு ரோடு முழுக்க அது தெரியும். அந்தச் சொல் நூறு டிகிரியில் வெந்துபோனதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை, ஏகாம்பரம் முன்னால், அமீர்ஜானைப் பார்த்து, "இந்த மிஷினைக் கெடுத்த கை இன்னிக்கு இந்தக் கடைக்குள்ள இருக்காது" என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷமாக என் கடையில் ஸ்க்ரூ முடுக்குகிற கை. தொண்ணூற்றொன்று.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று இதற்குப் பேர். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, பிராசசருக்கு மூச்சு விடக்கூட நேரம் கொடுக்காமல் கணக்கு மேல் கணக்காகத் தலையில் கொட்டுவது, எந்தச் சூட்டில் போய் நிற்கிறது என்று பார்ப்பது. பிஸ்கட் அளவுதான் இருக்கிறது, இருநூற்றைம்பது வாட் குடிக்கிறது, நான் கல்யாணமாகி வந்த வீட்டில் மொத்தத்துக்கும் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு, அந்த மாதிரி ஆறு வீட்டு வெளிச்சத்தை இது ஒற்றை ஆளாகக் குடிக்கிறது, குடித்ததையெல்லாம் சூடாகவே கக்குகிறது. எதற்கு? திரையில் ஒருத்தனை ஒருத்தன் சுடுவதற்கு. வருஷா வருஷம் புதுசு விடுகிறான்கள், போன வருஷத்தைவிட ஒரு துளி வேகம் கூட, அறுபது வாட் கூட, உடனே அதைக் குளிரவைக்க இன்னும் பெரிய கூலர், பெரிய கூலரை வைக்க இன்னும் பெரிய பெட்டி, பெட்டிக்குள் கலர் கலராக லைட்டு, திருவிழா ராட்டினம் தோற்றது. ஒரு காலத்தில் அட்டைப்பெட்டியிலேயே வருகிற குட்டி ஃபேன் போதும். இப்போது சில்லு மேல் ஒரு செப்புத் தகடு, தகட்டுக்குள் ஓடத் தண்ணீர், தண்ணீரைத் தள்ள ஒரு பம்ப், இரண்டு குழாய், கார் ரேடியேட்டர் மாதிரி ஒன்று, அதன் முதுகில் மூன்று ஃபேன். சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் தலைமுடி நுழையாத சந்து, அதில் சாம்பல் நிறப் பேஸ்ட், சூட்டைக் கீழிருந்து மேலே கைமாற்றிவிடுகிற வேலை அந்தப் பேஸ்ட்டுக்கு, அந்தச் சந்தில் காற்று நின்றாலும் போச்சு, தூசி நின்றாலும் போச்சு, ஏறவேண்டிய சூடு ஏறாமல் உள்ளேயே கிடந்து புழுங்கும். சூடு என்றைக்குமே செத்துப்போவதில்லை, ஆள் மாறுகிறது, சில்லிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து தண்ணீருக்கு, ஃபேன் அடித்துக் கடைக்குள் தள்ளினால் ஏசி அதை உறிஞ்சி வெளியே இருக்கிற பெட்டி வழியாகத் தெருவுக்குத் துப்புகிறது, அந்தப் பெட்டிக்குக் கீழேதான் குடை ரிப்பேர் கன்னியப்பன் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறான், அவன் தலையில். "ஏங்க்கா, உன் கடை ஜில்லுன்னு இருக்கறதுக்கு நான் வேகணுமா?" என்று போன வாரம்கூடக் கேட்டான். "வேகறதுன்னா எடத்த மாத்து, ரோடு என்னா உங்கப்பன் பட்டாவா?" என்றேன். "எங்கப்பனுக்குப் பட்டா இருந்தா நான் ஏன்க்கா உன் பொகைய குடிச்சினு குந்தியிருக்கேன்" என்றான். சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை, உள்ளே வந்து ஏசியை இன்னும் ஒரு புள்ளி குறைத்தேன். தொண்ணூற்றைந்து. சனியனே, நில்.

சந்தன வாசனை வருகிறது. கொஞ்ச நேரமாகவே மூக்கில் இருக்கிறது, பூசின சந்தனத்தின் குளிர்ந்த வாசனை இல்லை, வெயிலில் காய்ந்த, காய்ந்து பொறிந்த சந்தனம், எங்கிருந்து, ஏகாம்பரம் நெற்றியில் ஒரு கீற்று இருக்கிறது, வேர்வையில் குழைந்து மூக்குத்தண்டு வரை இறங்கியிருக்கிறது, அவனிடமிருந்தா, அவனிடமிருந்து வருவது வெங்காயமும் புளித்த பவுடரும், இது வேறு. என் விரல்தான். முகர்ந்து பார்க்கிறேன், ஆமாம், மோதிர விரல் நகக்கண்ணில் மஞ்சளாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் வெள்ளிக்கிழமைப் பூசை. ஒரு காதில் போன், சென்னையிலிருந்து மொத்த வியாபாரி ஒருத்தன் நேற்று சொன்ன விலையை இன்றைக்கு மாற்றிப் பேசுகிறான், அவனை நாலு கேள்வி கேட்டுக்கொண்டே இடது கையில் சந்தனக் கிண்ணம், கதவு நிலைக்கு ஒரு பொட்டு, கல்லாவுக்கு ஒரு பொட்டு, பில் மிஷினுக்கு, ஸ்க்ரூடிரைவர் பெட்டிக்கு, வேலை மேஜை மேல் கிடந்ததற்கெல்லாம், சந்தனத்தின் நடுவில் குங்குமம், கற்பூரம், முடிந்தது. கண்ணால் பார்த்து வைக்கிற பழக்கமே கிடையாது, கை தானாகப் போகும். விரலுக்கும் எதைத் தொடுகிறோம் என்று தெரியாது. தொட்டதும் உணர்கிற விரல்தான் ஒரு காலத்தில், ஏலத்தில் எடுத்த பழைய கம்ப்யூட்டர்களை உடைத்து, பிராசசர் ஊசிக்கால்களில் பூசியிருக்கிற துளித் தங்கத்துக்காக ஆசிட் வாளியில் முக்கி எடுத்த நாட்களில் நுனியெல்லாம் வெந்துவிட்டது, அந்த வாளியின் மஞ்சள் புகையை நினைத்தால் இன்றைக்கும் தொண்டையில் கசப்பு வந்து நிற்கிறது. சுடச்சுட டம்ளரைப் பிடிப்பேன், பார்க்கிறவர்கள் பதறுவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் என்னை ஆளாகவே மதிப்பதில்லை. "வேற விரல் வைம்மா, வேற விரல் வைம்மா" என்பாள் அங்கிருக்கிற பெண், பத்து விரலும் வைத்தாகிவிட்டது, பதினோராவதுக்கு நான் எங்கே போக. ஆனால் வாசனை விரலில் இவ்வளவுக்கு இருக்காதே, விரலைக் கீழே தொங்கவிட்டால் குறையவேண்டுமே, குறையவில்லை. தொண்ணூற்றேழு.

இந்த வாசனை எனக்குத் தெரியும், வேண்டாம், இப்போது அது வேண்டாம், ஆனால் மூக்கு சொன்னபடி கேட்டதுண்டா. இதே மாதிரி ஒரு கத்திரியில்தான் ஜம்புலிங்கம் செத்தது, என் வீட்டுக்காரர், காலையில் டீ குடித்தவர் மத்தியானம் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், நெற்றி நிறையச் சந்தனம் அப்பி நடுவில் ஒரு ரூபாய். பெட்டிக்குள் ஜில்லென்று இருந்தது, பெட்டியின் மோட்டார் கக்கிய சூடு முழுக்க அழுகிறதற்காக உட்கார்ந்திருந்த பொம்பளைகள் கால்மாட்டில் அடித்தது, ஒவ்வொருத்தியும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள், செத்தவரைக் குளிரவைக்க உயிரோடு இருக்கிறவர்கள் வேகவேண்டியிருந்தது. அப்புறம் கரண்ட் போனது. பெட்டியின் கண்ணாடி உள்பக்கம் வியர்த்தது, சந்தனம் வெடித்துப் பாளம் பாளமாகப் புருவத்துக்கு இறங்கியது, வாசனை, இதே வாசனை, அதற்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்திருக்கப் பார்த்தது, நான் அழவில்லை, பெட்டிக்காரனைப் பிடித்து, கரண்ட் இல்லாத நேரத்துக்கு வாடகை தரமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "பொணத்து மேலயும் பேரம் பேசறா பாரு" என்றாள் நாத்தனார். பேசினேன், பேசாமல் என்ன செய்ய, வேறு எதையும் எனக்குச் செய்யத் தெரியாது. அப்போதுதான் ஆட்டோவில் கடை இன்வெர்ட்டரையும் இரண்டு பேட்டரிகளையும் போட்டுக்கொண்டு அமீர்ஜான் வந்து இறங்கினான், யாரும் சொல்லாமல், தானாக. வாசலில் கிழம் ஒன்று, "அந்த ஆள வெளியவே நிக்கச் சொல்லுங்க, உள்ள சாங்கியம் நடக்குது" என்றது. "அவன் கை படலன்னா உங்க சாங்கியம் நாறிப்பூடும்" என்று நான் போட்ட சத்தத்தில் பறைகூட நின்றது. உள்ளே வந்தான், ஒயரைச் சேர்த்தான், மோட்டார் உறுமியது, கண்ணாடியில் வியர்வை மெல்ல வடிந்து போனது. அந்தக் கையைத்தான் இன்றைக்கு. தொண்ணூற்றெட்டு. இனித் திரையைப் பார்க்கமாட்டேன்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க" என்கிறான் ஏகாம்பரம், விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டே, சப்பிய விரலால் என் புது கீபோர்டைத் தடவுகிறான், பட்டன்களின் மேல் மசாலா மினுங்குகிறது. "இன்னிக்கு வெள்ளிக்கெழம. அவருக்கு மனசு இங்க இருக்குமா? அவங்க ஆளுங்களே அப்படித்தான், நேரமாச்சுன்னா வேல எப்படிப் போனா என்னா, கெளம்பிடணும்." மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. அமீர்ஜான் மூன்று அடி தள்ளி நிற்கிறான், கண் பெட்டிக்குள் இருக்கிறது, செப்புத் தகட்டின் மேல். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்குக் கிழத்துக்குச் சொன்ன மாதிரி ஒன்று. என் வாயிலிருந்து வந்தது, "கரெக்டா சொன்னீங்க சார்." சொன்ன வாயை எதனால் கழுவுவது. பேரம் படியவேண்டும், அவன் எழுந்து போய்விடக்கூடாது, எதிரில் இருக்கிறவன் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற பழக்கம், பழக்கமாம், தூ. "அக்கா, ஒரு தடவ கழட்டிப் பாத்துடலாம்" என்கிறான் அமீர்ஜான். முதல் தடவை நூறைத் தொட்டபோதும் இதையேதான் சொன்னான். ஆள் எதிரில் பெட்டியைப் பிரிக்கக்கூடாது, அது என் கடைச் சட்டம், பிரித்தால் பழைய சாமானைச் சொருகியிருக்கிறோம் என்று நினைப்பான், நினைத்தால் விலையைக் குறைப்பான், அதனால் ஸ்க்ரூவை இன்னும் முடுக்கு, ஃபேனை முழு வேகத்தில் வை, மறுபடி ஓட்டு என்றேன், அப்படியே செய்தான். இப்போதும், "கழட்ட வேணாம்" என்கிறேன். "இல்லக்கா, காலைல வந்து" என்று ஆரம்பிக்கிறான். "வாய மூடு. ஓடட்டும்." மூடிக்கொண்டான். தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கிறது. அமீர்ஜான் தலை லேசாக அந்தப் பக்கம் திரும்பி மறுபடி திரைக்கு வருகிறது. சட்டைப் பையில் தொப்பி மடித்து வைத்திருக்கிறது தெரிகிறது. "முடியற வரைக்கும் எங்கியும் போகக்கூடாது" என்கிறேன், அவன் போகிறேன் என்று கேட்கவே இல்லை. தொண்ணூற்றொன்பது.

நூறு. வந்துவிட்டது. இதற்கு மேல் ஏறாது, ஏறினால் வெந்துபோய்விடும் என்று சில்லுக்கே தெரியும், தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், செத்துப்போவதைவிட மெதுவாக இருப்பது மேல் என்று, திரையில் வேகத்தைக் காட்டுகிற இன்னொரு எண் சறுக்கிச் சறுக்கிக் கீழே வருகிறது. அமீர்ஜானும் இப்படித்தான், நான் கத்த ஆரம்பித்தால் பதில் சொல்லமாட்டான், கை மட்டும் மெதுவாகிவிடும், ஒரு ஸ்க்ரூவுக்கு மூன்று ஸ்க்ரூ நேரம், அதைப் பார்த்து நான் இன்னும் கத்துவேன், அது இன்னும் மெதுவாகும். எப்போதும் இப்படி இருந்தானா? வந்த புதிதில் எதிர்த்துப் பேசுவானே, "போங்க்கா, உங்களுக்கு வெலதான் தெரியும், வேல தெரியாது" என்று மூஞ்சிக்கு நேரே சொல்வானே, எப்போது நின்றது. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை என்னவோ சொன்னேன் அவனை, கல்லா பக்கத்தில், என்னவோ, அன்றைக்கும் எதிரே எவனோ ஒரு கஸ்டமர் உட்கார்ந்திருந்தான், நெற்றி நிறைய வைத்துக்கொண்டு நாட்டு நடப்பு பேசிக்கொண்டிருந்தான், அவன் பேச்சுக்குத் தோதாக நானும் என்னவோ, கோபத்தில் ஆயிரம் வரும், எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியுமா, அதை விடு. விடு என்றால் போகமாட்டேன் என்கிறது, செருப்புக்குள் நுழைந்த கல் மாதிரி, என்ன சொன்னேன், அவன் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனான், அது ஞாபகம் இருக்கிறது, முகம் ஞாபகம் இருக்கிறது, சொல் மட்டும் இல்லை. இவனை இன்றைக்கு அனுப்பிவிட்டால் நாளைக்கு யார் இந்த மேஜையில் நிற்பது. எனக்கு விலை தெரியும், வேலை தெரியாது. ஆள் பிடிக்கலாம், தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கரண்ட் போன மத்தியானத்தில் ஆட்டோவில் வந்து இறங்க யாரைப் பிடிப்பது. நான் செத்தால் அந்தப் பெட்டிக்கு ஒயர் சேர்க்க யார் வருவார்கள், பெட்டிக்காரனோடு பேரம் பேசக்கூட யாரும் இருக்கமாட்டார்கள். சொன்ன சொல்லை விழுங்கு என்கிறது ஒரு மனசு. விழுங்கினால் ஏகாம்பரம் ஊர் முழுக்கச் சொல்வான், தவமணி பேச்சு அவ்வளவுதானாம் என்று. நூறு, நூறு, நூறு, இறங்கவே இல்லை, சந்தன வாசனை இப்போது கருகல் வாசனை, கருகிய பால் மாதிரி, தொண்டைக்குள் இறங்குகிறது. ஏகாம்பரம் மூக்கை உறிஞ்சுகிறான். "மேடம், கோயில் வாசன வருதில்ல?" அவன் மூக்குக்கும் வருகிறது. அப்படியானால் என் விரல் இல்லை.

"கழட்டுடா" என்றேன். நிறுத்தினான். ஆற விட்டான். நாலு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் தளர்த்தி, தகட்டை லேசாகத் திருகி, கரண்டியால் பாயசத்து ஏட்டை எடுக்கிற மாதிரி மேலே தூக்கினான். சுற்றிலும் சாம்பல் நிறப் பேஸ்ட் ஒழுங்காகப் பரவியிருந்தது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள் வட்டம், ஓரம் பழுப்பாகப் பொறிந்து, மேலே வெடிப்பு விட்டு, வெடிப்புக்குள் செக்கச்செவேல் என்று குங்குமம். எனக்கு முதலில் அது ஒரு நெற்றி என்று பட்டது. நிஜமாகவே பட்டது, புருவத்துக்கு இறங்கிய பாளம், கண்ணாடியில் வியர்வை, மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "என்னாது மேடம், மஞ்சளா?" என்று கழுத்தை நீட்டினான் ஏகாம்பரம். "எந்த நாய்டா" என்று வாயெடுத்தேன், பாதியில் நின்றது, என் கடையில் பொட்டு வைக்கிற நாய் ஒன்றுதான். காலையில் பிராசசரைப் போர்டில் உட்காரவைத்துவிட்டுக் கூலர் எடுக்கப் பின்பக்கம் போயிருக்கிறான், மேஜை மேல் கிடந்ததற்கெல்லாம் வைத்தேனே, இதுவும் மேஜை மேல்தான் கிடந்தது. "நீ பாக்கலியா?" என்றேன். "பாத்தேங்க்கா." "பாத்துட்டுமா மேல தகட்ட வச்ச?" "சுத்தியும் பேஸ்ட் போட்டேன். மெல்லிசாத்தான் இருந்துச்சி, அழுத்தத்துல பரவிடும்னு நெனச்சேன். நீங்க வச்ச சாமி பொட்டு, நான் எப்பிடிக்கா அழிக்கறது?" "சொல்லித் தொலைய வேண்டியதுதான?" "நீங்க போன்ல சண்ட போட்டுனு இருந்தீங்க. அப்பறம் சொல்ல வந்தேன், வாய மூடுன்னீங்க." அப்புறம், ஏகாம்பரத்துக்குக் கேட்கக்கூடாது என்கிற மாதிரி, தாழ்ந்த குரலில், "போன மாசம் கல்லா மேல தூசி தொடைக்கறப்ப பொட்டு அழிஞ்சிடுச்சி. உன் கை எதுக்குடா அதுல படணும்னு கேட்டீங்க" என்றான்.

அதுதான். அந்தச் சொல் அதுதான். உன் கை. கேட்டது நான்தான், இந்த வாய்தான், எவனோ ஒருத்தன் தலையை ஆட்டுவதற்காக. அமீர்ஜான் குற்றம் சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை, கரண்ட் அளவு சொல்கிற மாதிரிச் சொன்னான், அதுதான் தாங்கவில்லை. துணியை நீட்டினேன், "அழி" என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நீங்களே அழிச்சிடுங்க்கா." ஸ்பிரிட் பாட்டிலைக் கவிழ்த்துத் துணியை நனைத்து நானே துடைத்தேன், முதலில் போகவில்லை, நகத்தால் சுரண்டினேன், ஸ்பிரிட்டும் சந்தனமும் குங்குமமும் பேஸ்ட்டும் குழைந்து சீழ் மாதிரி ஒரு நிறம், விரலிடுக்கில், நகத்துக்குள், சீ, என் சாமி, என் பக்தி, பார்க்காமல் வைக்கிற பொட்டு, பார்த்தவனை ஊமையாக்கிய பொட்டு. பளபளவென்று உலோகம் தெரிகிற வரை துடைத்தேன், தெரிந்த பிறகும் துடைத்தேன். "போதும்க்கா, தேஞ்சிடும்" என்றான். புதுப் பேஸ்ட் வைத்தான், தகட்டை இறக்கினான், அவன் கை இப்போது வேகமாக இருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி எப்போதோ ஓய்ந்துவிட்டது. பட்டனைத் தட்டினான். அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, எழுபத்தைந்து, எழுபத்தாறு. நின்றது. எழுபத்தாறு. எழுபத்தாறு. ஏசிக் காற்று கழுத்தில் படுவது அப்போதுதான் தெரிந்தது.

"சூப்பர் மேடம். மிஷின் கல்லு" என்றான் ஏகாம்பரம், தொடையில் தட்டிக்கொண்டு. அதோடு விட்டிருக்கலாம். "ஆனாலும் பாருங்க, தெரிஞ்சே மூடி வச்சிருக்கான். அது வெஷமந்தான? வாக்கு குடுத்தீங்களே, கெடுத்த கை இன்னிக்கு கடையில இருக்காதுன்னு." அமீர்ஜான் ஸ்க்ரூடிரைவரைப் பெட்டிக்குள் வைத்தான். சட்டையின் மேல் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டான், கிளம்புகிறவன் மாதிரி. "இருக்காது சார்" என்றேன். கல்லாச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அமீர்ஜான் பக்கம் மேஜையில் வைத்தேன், கைப்பையை எடுத்தேன், செருப்பைத் தேடினேன், ஒன்று நாற்காலிக்கடியில் ஏகாம்பரத்தின் சிப்ஸ் துகள்களுக்கு நடுவில் கிடந்தது, காலால் இழுத்து உதறி மாட்டினேன். "கெடுத்த கை இது" என்று மஞ்சளும் சாம்பலும் அப்பிய விரலை அவன் மூஞ்சிக்கு நேரே காட்டினேன், பின்னால் சாய்ந்தான். "அதனால நான் போறேன். பில்லு அவன் போடுவான். வெல கொறைக்கணும்னா அவன்கிட்ட பேசுங்க. அவன் கொறைக்கமாட்டான். அவங்க ஆளுங்களப் பத்தி இன்னொரு வார்த்த பேசினீங்கன்னா உங்க மண்டபத்துக்கு டிராக்டர்ல வச்சி இழுத்துனு போனாலும் என் கடை மிஷின் வராது." "என்ன மேடம், வெளையாட்டுக்குச் சொன்னத" என்று ஏகாம்பரம் எழுந்தான். அமீர்ஜான் கதவு வரை வந்தான். "எங்கக்கா போறீங்க இந்த வெயில்ல?" "நாளைக்கி வரேன். உன் தொழுக?" "பள்ளிவாசல்ல ஜும்மா முடிஞ்சிருக்கும். இங்கியே தனியா லுஹர் தொழுதுக்கறேன்." "ஏசிய நிறுத்தாத" என்றேன். வேறு என்னவோ சொல்லவேண்டும், வாய்க்குள் வரை வந்தது, வாங்கவும் விற்கவும் பழகின வாய், அதற்கு அந்தச் சொல் வரவில்லை. கதவைச் சாத்தினேன்.

வெயில் செவிட்டில் அறைந்தது. கோட்டைப் பக்கமிருந்து பாறை வெந்த காற்று, தார் ஒட்டுகிறது, ஆட்டோ ஒன்றுகூட இல்லை. நாலு அடி வைத்தேன், கால் நின்றுவிட்டது, சுவரோரமாக ஒண்டினேன், தலைக்கு மேலே ஏசிப் பெட்டி கடகடவென்று துப்பிக்கொண்டிருக்கிறது, நேராகப் பிடரியில், அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி. இதுதான் அந்தச் சூடு. அந்த எழுபத்தாறும், காலையிலிருந்து ஓடிய நூறும், ஏகாம்பரத்தின் வேர்வையும், நான் கத்தினதும், எல்லாம் இந்த வழியாகத்தான் வருகிறது, சிக்குப் பிடித்த எண்ணெய் வாடையோடு. உள்ளே அமீர்ஜான் பில் போட்டு முடித்திருப்பான். மேஜைக்கும் கல்லாவுக்கும் நடுவில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருப்பான், ஜில்லென்று இருக்கும், நெற்றி தரையில் படும்போது ஜில்லென்று இருக்கும். "என்னாக்கா, கடையில கரண்டு போச்சா?" என்றான் கன்னியப்பன், மடியில் எலும்புக்கூடாக ஒரு குடை. "இல்ல." "பின்ன ஏன் இங்க வந்து வேவுற?" "எடம் குடு" என்றேன். சாக்கில் பாதியை ஒதுக்கினான். உட்கார்ந்தேன். இவன் இத்தனை வருஷம் இதற்குள்ளா உட்கார்ந்து ஊசி கோத்தான், கண்ணைத் திறக்க முடியவில்லை. என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கறுப்புக் குடை ஒன்றை விரித்து நீட்டினான். "புடி. ஒரு கம்பி இல்ல, பாத்துக்கோ." "எவ்ளோ?" என்றேன், வாய் தானாகக் கேட்டது. "உன்கிட்ட துட்டு வாங்கி நான் முன்னேற முடியாது. இந்தப் பொட்டிய ஆளு இல்லாத பக்கமா மேல தூக்கி மாட்டிடு, அதான் வெல." மேலே பார்த்தேன். ஆள் இல்லாத பக்கம், மேலே, மொட்டைமாடிச் சுவர். ஒரு பைப், இரண்டு ஆணி. "செரி" என்றேன்.

கன்னியப்பன் ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா," என்றான், "உனுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"